தவமணியக்காவின் வெறுங்கட்டம்

மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது மின்சாரம் போனது. மேசைக்கு அடியில் எங்கோ ஒரு யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. பீப். கொஞ்சம் மூச்சு. மறுபடி பீப். கடைக்காரர் குனிந்து அதை அணைக்கப் பார்த்தார். மற்றவர்கள் விசிறிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடினார்கள். நான் மட்டும், வாங்க வந்த கண்மருந்தின் பெயரை மறந்து, அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி நின்றேன்.

அது என்னை எங்கே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். வாவிக்கரையில் ஒரு பழைய மாடிக் கட்டடம். மேல் அறையில் மூன்று கணினிகள். மின்சாரம் போனால் மூன்றும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கத்தும். அவற்றுக்கும் மேலால் ரொனி சேரின் குரல் கேட்கும்: "சேவ் பண்ணுங்க புள்ளயள், சேவ் பண்ணுங்க! மறுகா அழலாம்!" கீழே யாராவது ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்து உயிர்ப்பிக்கும்வரை அந்தக் கத்தல்தான். பிறகு மண்ணெண்ணெய்ப் புகை படியேறி வரும். யன்னலால் வாவியின் உப்புச் சேற்று மணம் வரும். இரண்டும் கலந்த அந்தக் காற்று இனி எந்த ஊரிலும் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. ஓய்வுக்குரிய வயது இல்லை, கண்தான் முந்திக்கொண்டது. கடைசியாக வேலை பார்த்த இடத்துப் பிள்ளைகள் சிலர் போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அக்கா, இப்ப வெப்சைட் செய்யிற எல்லாரும் திரும்பவும் ஸ்டாட்டிக் பக்கத்துக்குத்தான் போறாங்க. ஒரு தாய்ப்பக்கம், அதுக்குள்ள திறந்த கட்டங்கள், ஒருக்கா ஓட்டினா எல்லாப் பக்கமும் தயார். நீங்க சுனாமிக் காலத்திலயே இதச் செஞ்சீங்களாமே, உண்மையா?" என்று கேட்டார்கள். உண்மைதான் என்று சொல்லிச் சிரித்தேன். மிச்சத்தை வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும்போல் இருக்கிறது.

நான் படித்த கதை சொல்லப் பெரிதாக இல்லை. தட்டச்சு, பிறகு ஒரு கணினி வகுப்பு. அந்த வகுப்பின் ஆசிரியர் பாடம் பாதியில் நிற்கக் கனடாவுக்குப் போய்விட்டார். மீதியைக் கணினியோடு மல்லுக்கட்டித்தான் பழகினேன். கடல் வந்து திரும்பிய அந்த மழைமாதத்தில், வாவிக்கரைக் கணினி நிலையத்துக்குத் தமிழ் தட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று சொன்னார்கள். போய் உட்கார்ந்தேன்.

காணாமற்போனவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் செய்வதுதான் எங்கள் நிலையத்தின் வேலை. படம், பெயர், ஊர், கடைசியாகக் கண்டவர் சொன்ன வார்த்தை. எந்த முகாமிலாவது, எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலாவது யாராவது அந்த முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லட்டும் என்பதற்காக. இணையம் இருந்தது, தொலைபேசிக் கம்பி வழியாகச் சொட்டுச் சொட்டாக. ஆகவே பக்கங்களை எங்கள் கணினியிலேயே முழுதாகச் செய்து முடித்து, சீடியில் எழுதி, பஸ்ஸில் அனுப்பினோம். கொழும்பில் இருந்த எங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, அங்கே அதை வலையேற்றுவார்கள். ஏறாவூருக்கு, ஓட்டமாவடிக்கு, மண்டூருக்கு என்று மற்றவை. நூலகமோ முகாமோ பள்ளிவாசல் அலுவலகமோ, ஒரு கணினி இருந்தால் போதும். சீடியைப் போட்டால் பக்கம் திறக்கும். தமிழ் எழுத்துருவையும் அதற்குள்ளேயே வைத்திருந்தோம். இல்லாவிட்டால் அம்மாமாரின் பிள்ளைகள் எல்லாம் சின்னச் சின்னச் சதுரங்களாகத்தான் தெரிவார்கள்.

ரொனி சேர் நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்தவர். முன்பு காகித ஆலையில் இயந்திரப் பகுதியில் இருந்தவர். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் செருகியிருப்பார். தாய்ப்பக்கம் என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். தலைப்பு, நிறம், எங்கள் தொலைபேசி எண் எல்லாம் அந்த ஒரே கோப்பில் இருக்கும். இடையிடையே பெயர் சூட்டிய கட்டங்கள்: படம், விபரம், நிலவரம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தாய் தன் சொல் ஒன்றை முன்கூட்டியே வைத்திருக்கும். நிலவரம் என்ற கட்டத்தில் இருந்த சொல், 'தேடப்படுகிறார்'.

"உங்கட குடி மாதிரித்தான் இது," என்று எங்கள் தாய்வழிக் குலமுறையைக் காட்டி முதல் நாளே விளக்கினார். "புள்ள பிறந்தா ஆர்ட குடி?"

"தாய்ட குடி, சேர்."

"அத ஆரும் போய் எழுதிக் குடுக்கிறயா?"

"இல்ல. தன்பாட்டில வரும்."

"அவ்வளவுதான். புள்ளப்பக்கம் ஒண்டும் சொல்லாட்டித் தாய்ட சொல் தன்பாட்டில வந்திரும். புள்ள அந்தக் கட்டத்தின்ட பேரச் சொல்லித் தன்ட சொல்ல வெச்சா, தாய் விலகி நிண்டுரும்."

என் பக்கத்துக் கணினியில் இருந்த நஸீரா ஏறாவூர்க்காரி. அவளால் சும்மா இருக்க முடியாது. "எங்கட ஊட்டில நான் வாய் திறந்தா உம்மா விலகி நிக்கிறல்ல சேர். அகப்பையத்தான் தேடுவா."

தாய்ப்பக்கத்தில் யாரும் தனியே கை வைக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். அதில் ஒரு வரி மாறினால் எல்லாப் பிள்ளைகளிலும் அது மாறும். மாற்ற வேண்டி வந்தால், பழைய தாயை வேறு பெயரில் ஒதுக்கி வைப்பார். பிறகு மாற்றுவார். மாற்றிவிட்டு எழுந்து நாற்காலியை எங்களில் ஒருவருக்குக் கொடுப்பார். நாங்கள் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கி உரத்து வாசிக்க வேண்டும். மேலிருந்து கீழே வாசித்தால் கண் தனக்குத் தெரிந்ததையே வாசித்துக்கொண்டு ஓடிவிடுமாம். கீழிருந்து ஏறினால் ஒவ்வொரு வரியும் முன்பின் அறியாத ஆள்போல நிற்கும், பிழை காலில் தட்டுப்படும். அவர் வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் ஒரேயொரு பிள்ளைப்பக்கத்தை ஓட்டிப் பார்ப்பார். அது சரியாக வந்தால்தான் மற்றவை.

இப்போது அந்தக் குரல்களை நினைத்தால், யாரோ ஒரு பெண் தலைகீழாக மந்திரம் சொல்வது போலவும், ஒருவர் அதைக் கேட்டுத் தலையாட்டுவது போலவும் இருக்கிறது. எத்தனையோ அலுவலகங்களில் பிறகு இருந்துவிட்டேன். எனக்கு ஓரிடத்தில் ஒட்டி இருக்க வராது. நாற்காலி சூடேறும் முன்னே எழுந்துவிடுகிற பிறவி. எந்த இடத்திலும் ஒருவரும் கண்ணை மூடிக்கொண்டு நான் வாசிப்பதைக் கேட்கவில்லை.

தவமணியக்கா வந்தது மழை விடாத ஒரு காலையில். மண்டூரில் இருந்து, வாவியை ஓடத்தில் கடந்து, பஸ் பிடித்து வந்திருந்தா. நெற்றியில் மழைக்கும் அழியாத பெரிய பொட்டு. புருசன் நல்லதம்பி மகளுக்கென்று வளவுக்குள் வீடு கட்டிக்கொண்டிருந்தவர். கூரைக்கு மரம் பார்க்க வேண்டும் என்று, கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடத்தில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போனார். மரம் விற்கிற மரக்காலைக்குப் போனாரா, போகும் வழியில் நின்றாரா, ஒருவருக்கும் தெரியாது. உடலும் கிடைக்கவில்லை.

கொண்டுவந்த படம் கலியாணப் படம். நான் அவருடைய முகத்தை மட்டும் வெட்டி எடுக்கப் போனேன்.

"என்னையும் சேத்துப் போடு புள்ள," என்றா. "அந்தாளத் தனிய விட்டா ஆருக்கும் முகங்குடுக்க மாட்டார். சரியான வெக்கம்."

தாயின் படக்கட்டம் ஒற்றை முகத்துக்கு அளந்தது. ரொனி சேர் எட்டிப் பார்த்துவிட்டு, "படக்கட்டத்த அவவின்ட பக்கத்தில மட்டும் மாத்தி எழுது," என்றார். அப்படித்தான் எங்கள் தளத்தில் காணாமற்போனவரோடு காணாமற்போகாதவரும் ஒன்றாக நிற்கிற ஒரே பக்கம் உருவானது. மாலை போட்டு, இரண்டு பேரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அதன் பிறகு நகரத்துக்கு வரும்போதெல்லாம் மாடியேறி வருவா. பக்கத்தைத் திறக்கச் சொல்லுவா. 'தேடப்படுகிறார்' என்ற சொல்லை விரலால் தொட்டுப் பார்ப்பா. "ஊர்ச்சனம் வாயில வந்ததெல்லாம் சொல்லுது. என்ட பொட்ட உங்கட பக்கம்தான் காவல் காக்குது," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பா.

மண்டூர் இருக்கிற படுவான்கரையில் சண்டை மூண்டபோது மகளோடு இந்தக் கரைக்கு வந்து முகாமில் இருந்தா. அந்த நாட்களில் எங்கள் வாசலுக்கு வேறு தாய்மாரும் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளைக் கொண்டுபோனது கடல் இல்லை. அவர்களுக்கு எங்கள் தளத்தில் பக்கம் போட அனுமதி இருக்கவில்லை. ரொனி சேர் இருந்துகொண்டு 'இல்லை' என்று சொல்ல மாட்டார். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொல்லுவார். அவர்கள் படியிறங்கி முடியும்வரை நின்றபடியே இருப்பார். அன்று முழுவதும் அவருக்கு ஒரு வேலையும் ஓடாது.

பிறகு சண்டை எல்லாம் முடிந்தது என்றார்கள். வெடி கொளுத்தியவர்களும் இருந்தார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்களும் இருந்தார்கள். கொஞ்ச நாளில் கொழும்பில் இருந்து தொலைபேசி வந்தது. நிலையத்தை மூடப்போகிறார்கள். தளத்தை நினைவுத் தளமாக மாற்றித் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும். தாய்ப்பக்கத்தில் 'தேடப்படுகிறார்' என்பதை 'நினைவில் வாழ்பவர்' என்று ஆக்கினால் போதும்.

"ஓம், ஒரு வரிதான்," என்று ரொனி சேர் சொல்வது கேட்டது. "ஒரு வரிதான் எண்டு எனக்கும் தெரியும். அதுதான் பயமா இரிக்கு."

மறுத்துவிடக்கூடிய இடத்தில் அவர் இருக்கவில்லை. சம்மதிக்காத குடும்பங்கள் இருந்தால் அவர்களுடைய பக்கத்தில் அவர்களுடைய சொல்லை எழுதுவோம், அதற்கு ஊரூராகப் போய்க் கேட்டுவர அவகாசம் தாருங்கள் என்று மட்டும் கேட்டு வாங்கினார். போனோம். பலர் தலையாட்டினார்கள். சிலர் பக்கம் இருக்கிறதையே மறந்திருந்தார்கள். ஒருவர், "இவ்வளவு நாளும் தேடினீங்களா?" என்று கேட்டார்.

தவமணியக்கா ஊருக்குத் திரும்பியிருந்தா. மகளின் வீட்டுக்குப் பாதிக் கூரை தகரம், பாதி தென்னோலைக் கிடுகு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நிலத்தில் இருந்தா.

"நல்ல நேரத்தில வந்தாய் புள்ள. மகளுக்குக் கலியாணம் பேசி வந்திரிக்காங்க. மாப்பிளையின்ட தாய் நூலகத்தில சீடி போட்டுப் பாத்திரிக்கா. 'தேடப்படுகிறார் எண்டு கிடக்கிற ஊட்டில எப்பிடிச் சம்பந்தம் வைக்கிற? நாளைக்கு அந்தாள் வந்து, ஆரக் கேட்டுச் செஞ்சீங்க எண்டா?' எண்டு கேக்கிறா."

"அப்ப மாத்தட்டா அக்கா?"

"மாத்தினா நான் பொட்ட அழிக்கணும். என்ட புள்ளையின்ட மணவறைக்குக் கிட்டப் போகாம, குசினிக்க ஒளிச்சி நிக்கணும். பழையத விட்டா அவள்ட கலியாணம் நிக்கும். நீ படிச்ச புள்ள, ஒண்டு சொல்லு."

முற்றத்தில் ஒரு கோழி தகரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. மகள் உள்ளேயிருந்து, "அம்மா, எனக்குக் கலியாணம் வேணாம்," என்றாள். "வாய மூடுகா," என்று அதட்டிவிட்டு, "யோசிச்சுச் சொல்லியனுப்புறன்," என்று என்னை அனுப்பிவைத்தா.

கொழும்பு கேட்ட நாள் வந்துவிட்டது. மண்டூரில் இருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தாய்ப்பக்கத்தை ரொனி சேர் மாற்றினார். நான் கீழிருந்து மேலே வாசித்தேன். 'நினைவில் வாழ்பவர்' என்ற வரியை மட்டும் வேகமாகக் கடந்துவிட்டேன். "இன்னொருக்கா," என்றார் கண்ணைத் திறக்காமலே. வாசித்தேன்.

தவமணியக்காவின் பதில் வரும் முன்னே தாயின் புதுச் சொல் அவவின் தலையில் விழுந்துவிடக்கூடாது என்று நஸீரா ஒரு வேலை செய்திருந்தாள். அந்தப் பிள்ளைப்பக்கத்தில் நிலவரக் கட்டத்தின் பெயரை எழுதி, திறந்து, மூடி, நடுவில் இடம் விட்டு வைத்திருந்தாள். பதில் வந்ததும் நிரப்பலாம் என்று. அதற்குள் மின்சாரம் போனது. கத்தல், ஜெனரேற்றர், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கீழிருந்து கூப்பாடு. எல்லாவற்றையும் ஓட்டி, சீடி எழுதி, ஓடிப்போய் ஏற்றிவிட்டோம்.

பஸ் போன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "காலியாக் கிடந்தாத் தாய்ட சொல்தானே வந்திரிக்கும்?" என்று என் முகத்தைப் பார்த்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அங்கே தாயின் சொல் இல்லை. பழையதும் இல்லை. வெள்ளை.

ரொனி சேர் வந்து குனிந்து பார்த்தார். "புள்ள பேரச் சொல்லி வாயத் திறந்திட்டுதல்லவா," என்றார் மெதுவாக. "ஒண்டும் சொல்லாட்டியும் அது சொன்னமாதிரித்தான். தாய் விலகிட்டுது." இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கட்டத்தை நாங்கள் யாரும் விட்டதில்லை. எதையாவது எழுதுவதற்குத்தானே கட்டத்தைத் திறப்போம்.

அடுத்த வாரம் தவமணியக்கா படியேறி வந்தா. நஸீரா எழும்பிப் போய் அவவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ட பிழை அக்கா. அல்லாவுக்காக மன்னிச்சுக்குங்க. சொல்லுங்க, என்ன போட? இப்பயே போடுறன்."

"போடாத," என்றா தவமணியக்கா.

நஸீரா அவவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மாப்பிளையின்ட தாய் திரும்பப் போய்ப் பாத்தவ. தேடுறம் எண்டு ஒண்டும் இல்லத்தானே, அதுகள் விட்டுட்டுதுகள் போல எண்டு நாள் வெச்சிட்டுப் போயிட்டா." சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா, பொட்டைச் சுற்றித்தான் துடைத்தா. "மறுகா நான் தனியப் போய்ப் பாத்தன். எனக்கும் முதல்ல நெஞ்சு திக்கெண்டுது. பாக்கப் பாக்க, இதுதான் சரி எண்டு பட்டுது. அந்தாள் செத்தது எனக்குத் தெரியுமா? தெரியா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியா," என்றார் ரொனி சேர்.

"அப்ப ஏன் நாம எழுதுவான்? அது அவர்ட இடம். அவர் வந்து எழுதட்டும்."

ரொனி சேர் எழுந்து நின்றிருந்தார். இந்த முறை இல்லை என்று சொல்வதற்கு அல்ல. வாவியில் யாரோ சவள் துடுப்பால் தண்ணீரைத் தள்ளும் சத்தம் மாடிவரை கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கணினி ஒரு வரி எச்சரிக்கை காட்டும், இந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று. கொழும்பில் யாராவது அதைப் பார்த்து, பிழை என்று நினைத்து, ஒரு விரலால் சரிசெய்துவிடுவார்களே என்று எனக்குப் பயம். ரொனி சேர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கட்டத்துக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினார். பக்கத்தில் தெரியாது; கோப்பைத் திறக்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற குறிப்பு. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்: 'இது மறதி அல்ல. கை வைக்க வேண்டாம்.' எழுதிவிட்டு நாற்காலியை எனக்குத் தந்தார். அந்த ஒரு பக்கத்தையும் கீழிருந்து மேலே வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்காக நான் வாசித்த கடைசிப் பக்கம் அது. நிலையம் மூடியதும் மகனிடம் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். நஸீரா கலியாணமாகி ஓட்டமாவடியில் இருக்கிறாள், பெருநாளுக்குத் தொலைபேசி எடுத்து, "சேவ் பண்ணினாயா?" என்றுதான் கதையைத் தொடங்குவாள்.

மண்டூர்க் கலியாணத்துக்கு நான் மட்டும்தான் போனேன். கொழும்பில் ஒரு வேலைக்கு வரச்சொல்லி இருந்தார்கள். அடுத்த கிழமை பயணம் என்று பையையும் அடுக்கி வைத்திருந்தேன். தவமணியக்கா மணவறைக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால், அந்தப் பெரிய பொட்டோடு நின்றா. தாலி கட்டும்போது மகளின் கூந்தலை ஒதுக்கிக் கொடுத்ததும் அவதான். மாப்பிளையின் தாய் ஒருமுறை நெற்றியைப் பார்த்தா. பிறகு பார்வையை எடுத்துக்கொண்டு சோற்றுப் பந்திக்கு ஆள் எண்ணப் போய்விட்டா.

பின்னேரம் துறைவரைக்கும் என்னோடு நடந்து வந்தா. ஓடத்தில் இரண்டு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாவி முழுக்க மஞ்சள் வெயில் படிந்து கிடந்தது. அவ அக்கரையைப் பார்த்தபடி பேசினா.

"உங்கட கந்தோர் பூட்டியாச்சாம் எண்டாங்க."

"ஓம் அக்கா."

"கொழும்பாக்கள் அந்த இடத்த நிரப்பிப் போட மாட்டாங்களே?"

"மாட்டாங்க. சேர் எழுதி வெச்சிட்டுத்தான் போனவர்."

"அப்ப அந்தாள் வந்தா, ஆரிட்டப் போய் எழுதச் சொல்லுற?"

ஓடக்காரர் என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு காலை ஓடத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

"என்னட்ட வரச் சொல்லுங்க."

"நீ இஞ்ச இருப்பியா புள்ள?"

"இருப்பன் அக்கா."